டீசல் கூடுதலும் தங்கையன் அண்ணனும்

2000 அக்டோபர் 9, திங்கள்

விடியற்காலையிலிருந்தே மழை. சாலைக் கடைத்தெருவில் முழங்கால் தண்ணீர். லோடு இரண்டு மணி நேரம் தாமதம். முதுகுக்குத் தைலம் வாங்க மறந்தாயிற்று.

டீசல் விலை ஏறிவிட்டது. வாடகையைக் கூட்டினால் வியாபாரிகள் சண்டைக்கு வருவார்கள். லாரி ஆபீசில் பில் எழுதுகிறவன் நான், எல்லாத் திட்டும் எனக்கு. முதலாளியிடம் ஒரு யோசனை சொன்னேன்: வாடகை பழையபடி இருக்கட்டும், ஏறிய விலைக்கு மட்டும் பில்லில் தனிக் கட்டம், 'டீசல் கூடுதல்' என்று.

"கொள்ளாமே! ஒனக்கு மூளை உண்டாக்கும்" என்று மெச்சினார்.

அக்டோபர் 12, வியாழன்

மழை விட்டது. புது பில் புத்தகம் வந்தது. வெங்காய மண்டிக்காரர் கட்டத்தைப் பார்த்தார், முணுமுணுக்காமல் பணம் கட்டினார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

மத்தியானம் டிரைவர் தங்கையன் அண்ணன் திருநெல்வேலி லோடோடு கிளம்பினார். பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்காமல் வண்டி நகராது.

எட்டு வருடம் அதே வண்டியில் நான் மாற்று டிரைவர். களியக்காவிளை வரை அவர், அப்புறம் நான். மார்த்தாண்டத்தில் ரசவடை. ஆரல்வாய்மொழிக் காற்று வண்டியை ஒரு பக்கமாய்த் தள்ளும். "பயப்படாதடே, காத்தும் நம்ம ஊர்க்காரன்தான்" என்பார். முதுகு போனபோது கூட்டிவந்து இந்த நாற்காலியில் உட்கார வைத்தவரும் அவர்தான். ஆபீஸ் மின்விசிறிக்குக் கீழே அந்தக் காற்றுக்கு ஏங்குகிறேன்.

அக்டோபர் 14, சனி

சம்பளம். அண்ணன் இரண்டு தடவை எண்ணினார்.

"டீசல் கூடிச்சுல்லா? எனக்க பங்கு மட்டும் பழயபடியே இருக்கு?"

அப்போதுதான் உறைத்தது. வாடகையில் நூற்றுக்குப் பத்து டிரைவருக்கு. டீசல் ஏறினால் வாடகை ஏறும், பங்கும் ஏறும். ரேடியோவில் விலை உயர்வென்று கேட்டால் ஊரே திட்டும். கேபினில் நாங்கள் இருவர் மட்டும் டீயோடு கூட ஒரு வடை சொல்லுவோம். இப்போது ஏறியதெல்லாம் என் கட்டத்துக்குள். வாடகை அசையவில்லை. அந்தப் பங்கில் எட்டு வருடம் சோறு தின்றவனுக்கு இது தோன்றவில்லையே!

முதலாளியிடம் கேட்டேன். "அது டீசலுக்குள்ளதாக்கும், வாடகை இல்லல்லோ. டிரைவருக்கு எதுக்கு?"

அண்ணனிடம், முதலாளி ஏற்பாடு என்று மட்டும் சொன்னேன். கோழை. அவர் மகள் நர்ஸிங் படிக்கிறாள், தினமும் இரண்டு பஸ் மாறி. இந்த ஏற்றத்தை நம்பி அடுத்த மாதம் ஹாஸ்டலில் சேர்க்க இருந்தாராம்.

அக்டோபர் 16, திங்கள்

மறுபடி மழை. அண்ணன் வந்தார். என் முகத்தைப் பார்த்து அவரே ஆறுதல் சொன்னார்.

"விசனப்படாத மக்கா. மொதலாளி சொன்னா நீ எழுதத்தானே வேணும்."

அதைத்தான் தாங்க முடியவில்லை. யோசனை என்னுடையது என்று சொல்லிவிட்டேன்.

பில் புத்தகத்தைத் தன் பக்கம் திருப்பி அந்தக் கட்டத்தைப் பார்த்தார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நீ வண்டியிலயே இருந்திருந்தா இது ஒனக்குத் தோணியிருக்காதுடே."

மழையில் இறங்கிப் போனார்.

இன்னும் ஐந்து லோடு பாக்கி. பில் எழுதினேன். கட்டமும் சேர்த்துத்தான்.