வெள்ளை எருமைக் கனவு

கர்த்தருக்குள் அன்பான என் கணவருக்கு,

நீங்கள் கப்பலேறியபின் நம் தோபா ஏரிக்கரைக்கு ஒரு தீர்க்கதரிசி வந்திருக்கிறார். நம் வீட்டு ரகசியங்களை ஒன்றுவிடாமல் சொல்கிறார். மகள் லஸ்மாவைத் தன் ஜெபவீட்டுக்கே விட்டுவிடச் சொன்னார். எனக்கு மனம் ஒப்பவில்லை.

"ஆவியானவரையே சந்தேகப்படலாமா அண்ணி?" என்றாள் உங்கள் தங்கை தியூர்.

"எந்த ஆவியையும் சோதிச்சுப் பாருன்னுதானே வேதம் சொல்லுது" என்றேன்.

மறுநாள் அவளிடம் மட்டும், வெள்ளை எருமை ஒன்று ஏரியில் மூழ்குவதாகக் கனவு கண்டேன் என்றேன். அப்படியொரு கனவே நான் காணவில்லை.

ஞாயிறன்று ஜெபவீட்டில் அந்தத் தீர்க்கதரிசி என் தலையில் கைவைத்தார். "வெள்ளை எருமை முங்குறதைக் கனவுல பார்த்தியேம்மா, ஆவியானவர் எனக்கும் காட்டினாரு."

தியூர்தான் உரக்க ஆமென் சொன்னாள். நான் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்துவிட்டேன்.

உங்கள் தங்கை இப்போதும் நம் வீட்டில்தான் சாப்பிடுகிறாள். அவள் காதுபட நான் ஜெபிப்பதில்லை. இனிக் கடிதங்களை நம் ஆலய முகவரிக்கு அனுப்புங்கள்.

உங்களுக்காக மனதுக்குள் ஜெபிக்கும்
உங்கள் மனைவி