மூலை மரத்துக்கு மேலே

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். முட்டி வலி எப்படி இருக்கிறது? குறைந்துவிட்டது என்று அம்மா சொன்னால்தான் நம்புவேன். நான் நலம்.

நான் வரைந்து கொடுத்த கோல்ஃப் மைதானத்தில் பந்து போகிற ஒரு பாதை பாதியில் சடாரென்று மடங்கும். அடிக்கிற இடத்திலிருந்து பந்து விழவேண்டிய குழி தெரியாது. "நல்லா அடிக்கிறவனும் இங்க சும்மா தட்டிட்டு நிக்கணும். இது விளையாட்டா, தண்டனையா?" என்று எல்லார் முன்னாலும் முதலாளி காய்ச்சினார். நானும் விடவில்லை. "மூலையில குட்டை மரம்தான் சார். துணிஞ்சவங்க அதுக்கு மேல தூக்கி அடிக்கட்டும், மத்தவங்க சுத்திப் போகட்டும்" என்றேன். வேலைக்கே உலை வைத்துக்கொண்டேனோ என்று அப்புறம்தான் தோன்றியது.

அவரே போய் அடித்துப் பார்த்தார். இரண்டு பந்து மரத்துக்குள் போயிற்று. மூன்றாவது தாண்டியதும் குழந்தை மாதிரி குதித்தார். "இதுல யாரும் கை வைக்காதீங்க" என்று சொல்லிவிட்டார்.

மலைப்பாதை வளைவில் எதிரே வருவது தெரியாமல் நீங்கள் பஸ்ஸைத் திருப்பும்போது, முன் சீட்டில் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருப்பேனே, அதைத்தான் அப்பா வரைந்தேன்.

வெயில் அதிகம். உங்கள் பழைய காக்கிச் சட்டை ஒன்று அனுப்புங்கள். இங்கே சட்டை கிடைக்காமல் இல்லை.

ஆபீஸ் வண்டி வந்து ஹாரன் அடிக்கிறது, ஓடுகிறேன். உங்களை மாதிரி இங்கே யாருக்கும் அடிக்கத் தெரியவில்லை.

உங்கள் மகள்