வேலைநீக்கத்தை நீக்கியவர்

பிப்ரவரி 4

அங்கே இருக்கும் என் வீட்டுக்காரருக்கு,

நானும் வாண்டுவும் நலம். உங்கள் நலத்தைக் கேட்கவில்லை. கம்ப்யூட்டர் பக்கத்தில் இருந்தால் நலமாகத்தான் இருப்பீர்கள்.

இனிமேல் போன் வேண்டாம், கடிதம் எழுதிக்கொள்வோம் என்று ஞாயிற்றுக்கிழமை சொன்னதைக் கோபத்தில் சொன்னதாக நினைத்திருப்பீர்கள். நிஜமாகத்தான் சொன்னேன். போனில் நான் பேசப் பேச நீங்கள் 'ம்' கொட்டுகிறீர்கள். பின்னாலேயே கீபோர்டு தட்டுகிற சத்தம் கேட்கிறது. கடைசியில் சண்டையில்தான் போய் முடிகிறது. காகிதத்தில் 'ம்' கொட்ட முடியாது, பாருங்கள்.

சண்டையும் மூன்று வருஷமாக ஒரே சண்டைதான். "வேலை கொஞ்சம் கெட்டிப்படட்டும், வந்துடறேன்" என்றீர்கள். அப்புறம் கம்பெனி வளரட்டும் என்றீர்கள், அதுவும் வளர்ந்தது. இப்போது இந்தத் தொழில் மந்தம் முடியட்டும் என்கிறீர்கள். அலை எப்போது ஓய்வது, தலை எப்போது முழுகுவது? "இந்த நேரத்துல வேலையை விட்டுட்டு வான்னு சொல்ற பொண்டாட்டி உலகத்துலயே நீ ஒருத்திதான்" என்று சொன்னீர்களே, அது இன்னும் காதிலேயே இருக்கிறது.

மந்தம் எனக்குத் தெரியாதா? மக்கள் பல்லைக்கூடத் தள்ளிப்போடுகிறார்கள். மேல் செட் மட்டும் செய்துகொடுங்கள், கீழ் செட்டை அடுத்த வருஷம் பார்க்கலாம் என்கிறார்கள். ஒற்றைச் செட்டை வைத்துக்கொண்டு எதை மெல்வார்களோ! ஆனாலும் என் பல்செட் பட்டறை ஓடுகிறது. நான் கட்டி எழுப்பிய பட்டறை, அதைத் தூக்கிக்கொண்டு அங்கே வர முடியாது. நீங்கள் ஒரு லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வரலாம்.

நேற்று வாண்டு கேட்டாள், "அம்மா, அப்பா எத்தனை மணிக்குத் திறப்பார்?" கடையைக் கேட்கிற மாதிரி. எனக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் வேறு என்னவோ வந்தது.

இப்படிக்கு,
பல்செட்காரி


பிப்ரவரி 11

கோபக்காரப் பல்செட்காரிக்கு,

முழுக் கடிதம் எழுதுகிறேன், கீபோர்டு அடுத்த மேஜையில் இருக்கிறது. வாண்டுவிடம் சொல், அப்பா எப்போதும் திறந்தேதான் இருப்பார் என்று. 'உலகத்துலயே நீ ஒருத்திதான்' என்று உன்னைச் சொன்னது தப்புதான். வாய் முந்திக்கொண்டுவிட்டது.

இங்கே நிலைமை உனக்குத் தெரியாது. லிஃப்ட் போடுகிற கம்பெனி இது. புதுக் கட்டிடமே எழும்பவில்லை என்றால் புது லிஃப்ட் யாருக்கு? பழைய லிஃப்டுகளின் பழுதுதான் எங்களுக்குக் கஞ்சி ஊற்றுகிறது. காபி இயந்திரத்தைத் தூக்கிவிட்டார்கள். பாதி விளக்குகளை அணைத்தே வைத்திருக்கிறார்கள். முதலாளி அறைக் கதவு சாத்தினால் போதும், இருபது தலைகள் ஒரே நேரத்தில் நிமிர்கின்றன. இப்போது போய் நானாக வேலையை விட்டால், உள்ளதும் போச்சுடா நொள்ளைக்கண்ணா என்று ஆகிவிடும்.

ஆனால் பயப்படாதே, கம்ப்யூட்டர்களைக் கவனித்துக்கொள்கிற என்னைத் தூக்க மாட்டார்கள். புதிதாக ஒரு பொறுப்பு கொடுத்திருக்கிறார்கள். மோசடி மின்னஞ்சல்கள் வருகின்றன அல்லவா, அதில் நம் ஆட்கள் ஏமாறக்கூடாது என்று நானே போலி மின்னஞ்சல் தயாரித்து அனுப்பிப் பழக்குகிறேன். நம்பி அதிலுள்ள இணைப்பை அமுக்கியவர் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு என் வகுப்பில் உட்கார வேண்டும். நம்பாதவர் 'புகார்' பொத்தானை அழுத்தலாம். பத்துப் பேர் அழுத்தினால் அந்தக் கடிதம் கம்பெனியில் எல்லோர் பெட்டியிலிருந்தும் தானாகவே அழிந்துவிடும். காவல்காரன் நான் என்பதால் நான் ஒருவன் அழுத்தினாலே போதும்.

வகுப்பில் நான் சொல்வது மூன்றே விஷயம். பயமுறுத்தினால் நம்பாதே. அவசரப்படுத்தினால் நம்பாதே. எதையாவது அமுக்கச் சொன்னால் நம்பவே நம்பாதே. கணக்குப் பிரிவுப் பெரியவர் 'இலவசக் குடை'க்கு மூன்று தடவை விழுந்தார். இப்போது தேறிவிட்டார். மனைவி அனுப்பியதையே புகார் செய்கிறார்.

அன்புடன்,
திறந்தே இருக்கும் உன் வீட்டுக்காரன்


பிப்ரவரி 20

அன்புள்ள பல்செட்காரிக்கு,

உன் பதில் வரவில்லை. அதற்குள் ஒரு கூத்து நடந்துவிட்டது. நீயே சிரிப்பாய்.

செவ்வாய்க்கிழமை காலையில் வந்து உட்கார்ந்ததும் ஒரு மின்னஞ்சல். 'உங்கள் பணி குறித்த முக்கிய முடிவு. உடனடியாகக் கீழே உள்ள இணைப்பை அழுத்தி ஒப்புதல் தரவும். நாளை பெரிய கூடத்துக்கு வரவும்.' அனுப்பிய முகவரி எங்கள் கம்பெனியுடையதே இல்லை, யாரோ வெளியாள். பயமுறுத்துகிறது, அவசரப்படுத்துகிறது, அமுக்கவும் சொல்கிறது! அடடா, நம் வகுப்பையே படித்துவிட்டு எழுதியிருக்கிறானே என்று எனக்கு ஒரே குஷி. மேலே இரண்டு வரிதான் படித்தேன். டீயைக் கீழே வைக்காமலே புகார் பொத்தானை அழுத்தினேன். அந்த முகவரியையும் அடைத்துவிட்டேன்.

கேன்டீனில் எல்லோரும் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். நான்தான் அனுப்பினேன் என்று நினைப்பு. லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்களின் அழைப்பை எடுக்கும் அக்கா ஒருவர் இருக்கிறார். "ஏம்ப்பா, விளையாட்டுக்கும் ஒரு அளவில்லையா? வேலை போச்சுன்னு மெயில் போடுவியா? என் நெஞ்சே நின்னுடுச்சு" என்று திட்டினார். கணக்குப் பெரியவர் முதுகில் தட்டி, "நான் ஏமாறலையே!" என்றார்.

மறுநாள் புரிந்தது. அது நிஜக் கடிதம். ஆட்குறைப்பு ரகசியமாக நடக்க வேண்டும் என்று முதலாளி ஒரு வெளி நிறுவனத்திடம் வேலையை ஒப்படைத்து, எங்களிடம் மூச்சுவிடவில்லை. நாற்பது பேருக்குப் போன கடிதம். பெரிய கூடத்தில் நாற்காலி போட்டு, சாமான் கட்டிக்கொண்டு போக அட்டைப்பெட்டி அடுக்கி, அழுதால் துடைக்கக் காகிதக் கைக்குட்டையும் வைத்து, கோட்டு போட்ட இரண்டு பேர் காலையிலிருந்து காத்திருந்தார்கள். ஈ காக்கா போகவில்லை. வேலை போனவர்கள் எல்லாம் அவரவர் மேஜையில் உட்கார்ந்து மும்முரமாக வேலை செய்துகொண்டிருந்தார்கள்!

முதலாளி கத்திய கத்தல் இன்னும் அடங்கவில்லை. அது என் பாடு. நீ கவலைப்படாதே. வாண்டுவுக்கு முத்தம்.

அன்புடன்,
உன் வீட்டுக்காரன்


பிப்ரவரி 25

அன்புள்ள என்னவருக்கு,

பட்டறையில் உட்கார்ந்து படித்தேன். சிரித்த சிரிப்பில் ஒரு பல் கீழே விழுந்துவிட்டது. என்னுடையது இல்லை, வாடிக்கையாளருடையது. இனி அதை மறுபடி ஒட்ட வேண்டும்.

சிரித்து முடித்தபின் இன்னொரு தடவை படித்தேன். கணக்குப் பெரியவரைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள், போன் அக்காவைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள், கோட்டு போட்டவர்களைக்கூட விடவில்லை. நாற்பது பேருக்குப் போன கடிதம் என்கிறீர்கள். உங்கள் பெட்டிக்கும் வந்திருக்கிறது. அப்படியென்றால்?

பூசணிக்காயைச் சோற்றில் மறைக்காதீர்கள். உங்களோடு பதினோரு வருஷம் குடித்தனம் செய்தவள் நான். நீங்கள் எதைத் தாண்டிக் குதிக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியாதா?

நானும் ஒன்றை மறைக்கப் போவதில்லை. இது புரிந்த நிமிஷம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அப்பாடா, வேலை போச்சு, இனி வந்துவிடுவார் என்று. ஒரே ஒரு நிமிஷம்தான். அப்புறம் என் மேலேயே எனக்கு வெறுப்பாகிவிட்டது. கட்டினவன் வேலை போனதற்குச் சந்தோஷப்படுகிற பெண்டாட்டியும் உலகத்திலேயே நான் ஒருத்திதான் போல.

உண்மையை எழுதுங்கள். திட்ட மாட்டேன்.

உங்கள்
பல்செட்காரி


மார்ச் 2

என் கண்ணுக்கு,

ஆமாம். நாற்பதில் நானும் ஒருவன். என் வேலைநீக்கக் கடிதத்தை நானே புகார் செய்து அழித்திருக்கிறேன். இப்படி ஒரு முட்டாளை எந்த ஊரில் பார்ப்பாய்?

முதலாளி கூப்பிட்டு, அழிந்த கடிதத்தைத் திரும்ப வரவழைக்கச் சொன்னார். குப்பையிலிருந்து எடுத்தேன். என்னுடையதுதான் முதலில் நின்றது. இந்தத் தடவை கடைசி வரி வரை படித்தேன். 'தங்கள் பணி வெளி நிறுவனத்திடம் ஒப்படைக்கப்படுகிறது' என்று இருந்தது. மூன்று வருஷமாக உன்னையும் வாண்டுவையும் காக்கவைத்து நான் கெட்டிப்படுத்திய வேலை அதுதான். நாற்பதையும் மறுபடி அனுப்பினேன். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை, ஆளாளுக்குப் புகார் பொத்தானை அழுத்தி மறுபடியும் காணாமல் அடித்துவிட்டார்கள். சத்தியமாக இந்தத் தடவை நான் அழுத்தவில்லை. அவ்வளவு நன்றாகப் பழக்கியிருக்கிறேன்.

"முதல் தடவை முதல்ல அமுக்கினது யாரு?" என்று முதலாளி கேட்டார். அந்தப் பதிவு என் கையில்தான் இருக்கிறது. ஒரு வரியை அழித்தால் யாருக்கும் தெரியாது. அழிக்கலாமா என்று நினைக்கவும் செய்தேன். வேலை போவது ஒன்று, கெட்ட பெயரோடு போவது ஒன்று. இந்த மந்தத்தில் கெட்ட பெயரோடு போனவனை யார் சேர்ப்பார்கள்? ஆனாலும் "நான்தான் சார்" என்று சொல்லிவிட்டேன். அவர் என்னையே பார்த்தார்.

இனி மின்னஞ்சல் செல்லாது என்பதால் திங்கட்கிழமையிலிருந்து ஒவ்வொருவரிடமும் நேரில் சொல்லப்போகிறார். என் முறை கடைசியில் வரும். உனக்குச் சந்தோஷமாக இருந்தது என்று எழுதினாயே, அதற்காக உன்னையே வெறுக்காதே. எனக்கும் ஒரு ஓரத்தில் அப்படித்தான் இருந்தது. வேலை போய்விட்டால் வீட்டுக்கு வருவதா வேண்டாமா என்று நான் முடிவு செய்ய வேண்டியதில்லை அல்லவா?

உன்
முட்டாள்


மார்ச் 6

என்னங்க,

கடைசி வரிதான் எனக்குப் பிடிக்கவில்லை. போக்கிடம் இல்லாமல் வந்தவராக இந்த வீட்டுக்கு வராதீர்கள். வேலை போனால் தாராளமாக வாருங்கள், சோறு இருக்கிறது, பட்டறையில் செய்த பல்லை மெருகுக்குத் தேய்க்கிற வேலையும் இருக்கிறது. ஆனால் வரவேண்டும் என்று நினைத்து வாருங்கள். எனக்குத் தள்ளிவிடப்பட்ட ஆள் வேண்டாம், கிளம்பி வருகிற ஆள் வேண்டும்.

உண்மையைச் சொன்னீர்களே, அதற்கு ஒரு முத்தம். வாண்டுவுடையது இல்லை.

நான்


மார்ச் 12

என் செல்லத்துக்கு,

திங்கட்கிழமை முதலாளி முதலில் போனது போன் அக்காவின் மேஜைக்கு. நான் பக்கத்து மேஜையில் ஒரு கம்ப்யூட்டர் திரையைக் கழற்றிக்கொண்டிருந்தேன். அவர் தொண்டையைக் கனைத்து விஷயத்தைச் சொன்னார். அக்கா, "இதுவும் பரீட்சையா சார்?" என்றார். அவர் பதில் சொல்வதற்குள் போன் அடித்தது. "ஒரு நிமிஷம் சார்" என்று அக்கா எடுத்துவிட்டார். யாரோ கர்ப்பிணிப் பெண், லிஃப்டில் தனியாக மாட்டிக்கொண்டு அழுகிறாள். அக்கா போனை வைக்கவே இல்லை. "உட்காரும்மா, சுவர்ல சாஞ்சுக்கோ. குழந்தைக்குப் பேர் யோசிச்சாச்சா? என்கிட்ட சொல்லு, நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று பழுதுபார்ப்பவர்கள் போய்ச் சேரும்வரை பேசிக்கொண்டே இருந்தார். முதலாளி அத்தனை நேரமும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ஒரு காலத்தில் அவரும் லிஃப்ட் மெக்கானிக்தானாம். அக்கா போனை வைத்துவிட்டு, "சொல்லுங்க சார், எங்க விட்டோம்?" என்றார். அவர் திரும்பி அறைக்குப் போய்விட்டார்.

மறுநாள் எல்லோரையும் கம்பெனியின் பழுதுபார்க்கும் பட்டறைக்கு வரச்சொன்னார். "மெயில்ல சொல்ல முடிஞ்சதை மூஞ்சிய பார்த்துச் சொல்ல முடியல" என்றார். யாரையும் அனுப்பப்போவதில்லை. நிலைமை சரியாகும்வரை எல்லோருக்கும் வாரத்துக்கு நாலு நாள் வேலை, அதற்கேற்ற சம்பளம், அவருக்கும் சேர்த்து. முணுமுணுப்பு இல்லாமல் இல்லை. ஆனால் கணக்குப் பெரியவர் உட்கார்ந்து அழுதுவிட்டார். கோட்டு போட்டவர்களின் காகிதக் கைக்குட்டை அப்போதுதான் பயன்பட்டது.

இன்று என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "அந்த ரெக்கார்டை அழிக்க உன் கையிலயே வசதி இருந்துச்சே, ஏன் அழிக்கல?"

"நினைச்சேன் சார்."

சிரித்துவிட்டார். வெளி நிறுவனத்தை அனுப்பிவிட்டாராம். "இனி எல்லாம் உன் பொறுப்பு. உனக்கு மட்டும் அஞ்சு நாள், முழுச் சம்பளம். நான் இருக்கிற வரைக்கும் உன் வேலைக்கு நான் கியாரண்டி" என்றார்.

மூன்று வருஷமாக நான் காத்திருந்த வார்த்தை. காதில் விழுந்தது, உள்ளே இறங்கவில்லை. என் வாய் பாட்டுக்குப் பேசியது. "எனக்கும் நாலு நாளே போதும் சார். ஆனா எங்க வீட்லேர்ந்து செய்றேன்."

"முடியாதுன்னு சொன்னா?"

"முடியாதுன்னாலும் போறேன் சார்."

யோசித்து வெள்ளிக்கிழமை பதில் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார். ஒத்துக்கொள்வார் என்றுதான் தோன்றுகிறது. ஒத்துக்கொள்ளாவிட்டால் பல் தேய்க்கக் கற்றுக்கொடு.

வெள்ளிக்கிழமைக்குப் பிறகு டிக்கெட் எடுத்தால் என்ன, அவசரக்குடுக்கை என்று நீ திட்டுவாய். அவர் பதிலைக் கேட்டுவிட்டு எடுத்தால், வேலை இருப்பதால் வந்தவனாகவோ வேலை போனதால் வந்தவனாகவோதான் உன் முன்னால் வந்து நிற்பேன். அதனால் இன்று மதியமே ஸ்டேஷனுக்குப் போய் எடுத்துவிட்டேன். போக மட்டும்தான், திரும்ப வர எடுக்கவில்லை.

கிளம்பிவிட்ட
உன் வீட்டுக்காரன்