ஊட்டியில் தொங்கும் நம் படங்கு

ஊட்டிக் கண்காட்சி மண்டபத்தில் ஒரு படத்தை மோந்து பார்த்துப் பிடிபட்டேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. குறுக்கே கயிறு கட்டியிருந்தார்கள். கழுத்தை நீட்டினால் மூக்கு எட்டியது. இத்தனை வருஷம் கழித்தும் கொழுந்துச் சாறு வாடை போகவில்லை. காவல்காரர் வந்து, "ஏனுங்கம்மா, தள்ளி நில்லுங்க" என்றார். "இது என் இடுப்புல கட்டியிருந்ததுங்க" என்றேன். இன்னும் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்னார்.

நீ இருந்திருந்தால் சிரித்தே அந்தக் கயிற்றை அறுத்திருப்பாய்.

தேயிலைக் கொழுந்து பறிக்கும்போது சேலைக்கு மேல் கட்டுகிற படங்குதான். நம் சேரம்பாடித் தோட்டத்து லயத்து வீடுகளில் ஆளுக்கு ஒன்று கொடுத்தோம், நீ சேர்த்துத் தைத்தாய். மழையில் எங்கே ஊற்று கிளம்பும், எந்த மேடு சரியும் என்று கேட்டு எழுதக் காலேஜிலிருந்து அந்தப் பெண் வந்திருந்தாள். நாங்கள் சொன்னோம், அவள் அளந்தாள், நீ அந்தத் துணிமேல் வரைந்தாய். ஊற்றையெல்லாம் கண்ணாகப் போட்டாய். என் வீட்டுக்குப் பின்னால் இருந்தது மட்டும் மாறுகண். ஏன் என்று கேட்டதற்கு, "உன்னையப் பாத்துத்தாண்டி வரைஞ்சேன்" என்றாய்.

பங்குக்கு வளர்க்க வாரத்துக்கு விட்ட மாடு மாதிரி, படம் வெயிலுக்குக் காலேஜில், மழைக்கு நம் லயத்தில் என்று பேச்சு. இது யாருக்குச் சொந்தம் என்று அவள் கேட்டபோது நீதான் சொன்னாய்: "இத்தனை பேரு இடுப்புத் துணி. ஒருத்தி மட்டும் எடுத்துக் கட்டிக்க முடியுமா?"

முடிந்தது. போன மாடு திரும்பவில்லை. லயத்து ஈரத்தில் துணி கெட்டுவிடுமாம், காலேஜில் சொல்லிவிட்டார்கள். அந்த ஈரத்தில் நாம்தான் கெடாமல் கிடந்தோம். பிறகு நீயும் ஒரு காய்ச்சலில் போய்விட்டாய்.

போன மழையில் அந்த மாறுகண் திறந்தது. என் பின்சுவர் பாதி இல்லை. லயத்தில் இப்போது புது ஆட்கள்; மற்ற கண்கள் எங்கே என்று கேட்கிறார்கள். பழைய ஆட்களுக்கு அவரவர் வீட்டுப் பின்புறம்தான் தெரியும். மொத்தமும் அந்தத் துணியில்தான் இருக்கிறது. காலேஜ் பெண்ணுக்குப் போன் போட்டேன். "என் கையிலயும் இல்லீங்கக்கா. நானே கேட்டுத்தான் பாக்கணும்" என்று அழுதாள்.

அதனால்தான் ஊட்டிக்குப் போனேன். படத்துக்குக் கீழே எழுத்துக் கூட்டிப் படித்தேன். காலேஜ் பெயர் இருந்தது. உன் பெயர் இல்லை. திருப்பிக் கொடுப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. காலையில் படங்கு கட்டும்போது, ஒருத்தி மட்டும் கட்டிக்க முடியுமா என்று நீ கேட்டதையும் முடிச்சோடு சேர்த்து இறுக்கிக்கொள்கிறேன், பதில் தெரிந்தும்.

காவல்காரர் அந்தப் பக்கம் திரும்பியதும் போனில் ஒரு படம் எடுத்தேன். லயத்தில் எல்லாரும் கூடி நின்று பார்த்தோம். என் கட்டைவிரல் நன்றாக விழுந்திருந்தது.