டானிக் இல்லை, தோனெக்

என் உயிருக்குயிரான சூசை அண்ணா,

அங்கே நீ சுகமாக இருப்பாய். இங்கே அம்மாதான் சரியில்லை. சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு அப்படியே எழுந்துவிடுகிறாள். உன்னைப் புதைத்த ஈரம் காய்வதற்குள் அவளும் போய்விடுவாளோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது.

எல்லாம் உன்னால்தான். சாமியாராவதற்குக் குருமடத்தில் படித்துக்கொண்டிருந்தவன், காய்ச்சலோடு நம் ஊர் வல்லத்துக்குத் திரும்பி வந்தாய். கடைசி நாளில் உளறியதெல்லாம் லத்தீன். அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு "தோனெக்... தோனெக்..." என்றாய். அதோடு பேச்சு நின்றுவிட்டது.

அம்மா காதில் அது டானிக் என்று விழுந்திருக்கிறது. "புள்ள டானிக் கேட்டுகினே பூட்டான்டி, வூட்ல ஒரு பாட்டில் இல்லாம போச்சே" என்று ஒரே புலம்பல். ஸ்ரீபெரும்புதூர் மருந்துக்கடையில் ஒரு பாட்டில் வாங்கிவந்து உன் கல்லறையில் வைத்தாள், தெரியுமா? பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. உடனே அழுதும்விட்டேன்.

பூசை தமிழுக்கு மாறிவிட்டதே, இனி லத்தீனை யாரிடம் கேட்பது? போன ஞாயிறு பங்குச் சாமியாரையே கேட்டுவிட்டேன்.

"தோனெக்னா 'வரைக்கும்'னு அர்த்தம்மா. 'தோனிகும்'னு ஒரு பழைய சொல்லு, தேஞ்சு இப்படி ஆயிடுச்சு. 'வர்ற வரைக்கும்'னும் ஆகும், 'இருக்கிற வரைக்கும்'னும் ஆகும். பின்னாடி என்ன வருதோ அதப் பொறுத்தது."

தமிழில் 'வரைக்கும்' என்பதற்கு முன்னால் வருவது லத்தீனில் பின்னால் வருமாம். எதுவரைக்கும் அண்ணா? என்ன சொல்ல வந்தாய்? பேச்சைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்துபோவது உன் வழக்கம்தான். அதற்காக இதிலுமா?

ஓடிவந்து அம்மாவிடம் சொன்னேன்.

"அப்ப அவன் டானிக் கேக்கலியா?"

"இல்லம்மா. 'வரைக்கும்'னு சொன்னான், அவ்ளோதான்."

முந்தானையில் முகத்தைப் புதைத்து அழுதாள். அழுது முடித்ததும் கஞ்சி கேட்டாள். கிண்ணம் காலியானதைப் பார்த்த பிறகுதான் எனக்கு உயிர் வந்தது. வாயைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்:

"எதுவரைக்கும்னு சொல்லாம பூட்டானே. சரி வுடு. மிச்சத்த நேர்ல போய்க் கேட்டுக்கறேன்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. சிரித்துக்கொண்டே சொல்கிறாள் அண்ணா, அதுதான் இன்னும் பயம்.

நீ பதிலைத் தயாராக வைத்துக்கொண்டு வழி பார்க்காதே. வேளாவேளைக்கு ஊட்டி, சண்டை பிடித்தாவது அவளை இங்கே நிறுத்திவைப்பேன். இது சத்தியம். நீ காத்திருந்து காத்திருந்து சலித்துப் போ.

அம்மாவை உனக்கு இப்போதைக்கு விட்டுத்தராத
உன் தங்கை,
மரியா