ஒரே எலையில பொறந்த ஏழு பூச்சி

கீழ்பென்னாத்தூர்
8.8.95, செவ்வாக்கெழம

எங்க ஆசைத் தென்றலுக்கு அம்மா ஜோதியம்மாள் எழுதறது. இங்க நான், உங்க அப்பா, மாடு, கன்னுக்குட்டி எல்லாம் உசுரோட இருக்கோம், நீ அந்த டில்லி வெயில்ல எப்படி இருக்கியோன்னு அதுதான் எனக்கு நெனப்பு. அறிவொளி கிளாஸ்ல கத்துகினு எழுதற கை, எழுத்து கோணலா இருந்தா திட்டாத.

போன வாரம் உங்க சகாதேவன் மாமா பேத்திக்குக் காது குத்தினாங்க. மாமா ரமணாசிரமத்துக்கிட்ட கெஸ்ட்டவுஸ்ல சமைக்குதில்ல, அங்கயே ஒரு ரூம்புல ரெண்டு நாள் தங்கினோம். வெள்ளக்காரம்மா ஒருத்தி நம்ம வீட்டுப் பாயசத்த மூணு தரம் வாங்கிக் குடிச்சிட்டு, மாமா காலத் தொட்டுக் கும்புட்டா. உங்க அப்பா, பாயசத்துக்கே கால்ல விழறாளே, பிரியாணி போட்டா இன்னா பண்ணுவாளோன்னாரு. அப்படிச் சிரிச்ச மனுசன் இப்போ சோத்துத் தட்டுல கைய வெச்சிகினு சும்மா குந்தினு இருக்காரு. அதத்தான் சொல்ல வந்தேன், எங்கெங்கயோ போறேன்.

ஆனி மழைக்கு அப்புறம், நீ வேர்க்கடலன்னு எழுதறியே, அந்த மல்லாட்டக் கொல்லையில கம்பளிப்பூச்சி ஏறிச்சில்ல. தோள்ல முள்ளு வெச்ச நாத்தப்பூச்சி அதக் குத்தி உறிஞ்சித் தின்னுடும், மருந்தடிச்சா அதுவும் செத்துப்பூடும், அடிக்காதீங்கன்னு நீ எழுதின. மாரியம்மனுக்குக் கூழ் ஊத்தின அன்னிக்கி ஊரே கூடி நிக்கசொல்ல நான்தான் வாயத் தொறந்து சொன்னேன், எம்பொண்ணு டில்லியில அந்தப் பூச்சியத்தான் படிக்கிதுன்னு. அம்மன் எதுர சொன்ன வாக்குன்னு பதினாலு வீட்டுக்காரங்க மருந்து டப்பாவ மூடி வெச்சிட்டாங்க. இப்போ கம்பளிப்பூச்சி பாதி கொறஞ்சிடுச்சி, ஆனா கொல்லையில முள்ளு நீட்டமா இருக்கற பூச்சி கம்மியாவும், முள்ளு மொட்டையா இருக்கறது ஜாஸ்தியாவும் ஆயிடுச்சி. மருந்தடிக்கிற மிசின் வெச்சிருக்கற அப்பாசாமி, அக்கா, உம்பொண்ணு சொன்னது நீட்ட முள்ளு, இது வேற சாதி, செடியில சாறு உறிஞ்சறது, பூவெல்லாம் கொட்டிப்பூடும், வெள்ளிக்கெழம காலையில அடிக்கப் போறேன்னு சொல்லிட்டாரு. அடிச்சா காத்துல நம்ம கொல்லைக்கும் வரும். அந்தப் பதினாலு வீட்டுல ஒருத்தி பச்சையம்மா வந்து, அக்கா எனக்கு இருக்கறது அந்த ஒரு காணிதான், உன்ன நம்பித்தான் கம்முனு இருக்கேன்னு சொல்லிட்டுப் போனா. அன்னிலேர்ந்து தூக்கமில்லடி. நான் சொன்னது தப்பாயிருந்தா பதினாலு வீட்டு வாயில மண்ணு.

நீ கேட்டியே, ஒரே எலையில ஒட்டியிருக்கற முட்டய எடுத்து வளத்துப் பாரும்மா, புஸ்தகத்துல நீட்ட முள்ளுக்கும் மொட்ட முள்ளுக்கும் ரெண்டு பேரு வெச்சிருக்காங்க, எங்க பெரிய சாரும் ரெண்டுன்றாரு, நான் ஒண்ணுன்றேன்னு. அதே மாதிரி ஒரு எல, ஒரே கொத்து முட்ட, ஊறுகா பாட்டில்ல போட்டு வேட்டித்துணியால வாயக் கட்டினேன். செவப்பு செவப்பா பொறிஞ்சிச்சி. தெனம் கம்பளிப்பூச்சி புடிச்சிப் போட்டேன். தொறந்தாலே கொத்தமல்லி அழுகின மாதிரி நாத்தம், உங்க அப்பா பாட்டில வைக்கப்போர் பக்கம் தள்ளிட்டாரு. காதுகுத்துக்குப் போகசொல்ல பதினாறு இருந்துச்சி. பசிக்குமேன்னு, மாட்டுக்குப் புல்லு போட்டுட்டுப் போற மாதிரி ஒரு கை மல்லாட்ட எலயப் போட்டுட்டுப் போனேன். வந்து பாத்தா எலயில ஒரு புள்ளி இல்ல, பூச்சி ஏழுதான் இருக்குது. மீதி ஒம்பதும் சாறு உறிஞ்சின தோலா கெடக்குது. கூடப் பொறந்ததயே தின்னுதே ஒழிய எலயத் தொடல. கம்பளிப்பூச்சி வெக்காதது என் தப்பு.

அந்த ஏழும் நேத்தும் இன்னிக்கும் தோலுரிச்சி ரெக்கையோட வந்துச்சி. மூணுக்கு முள்ளு நீட்டம், நாலுக்கு மொட்ட. ரெண்டு தரம் எண்ணினேன். உங்க அப்பாவக் கூப்ட்டு எண்ணச் சொன்னேன், அவரும் அதேதான் சொன்னாரு.

நீ குடுத்த நம்பருக்கு எஸ்டிடி பூத்துல ரெண்டு தரம் போட்டேன், யாரோ இந்தியில கத்திட்டு வெச்சிட்டாங்க. இந்தக் காயிதம் உன் கைக்கு வரதுக்குள்ள வெள்ளிக்கெழம போயிடும். அதனால அன்னிக்கி விடியறதுக்குள்ள மாரியம்மன் கோயில்ல போயி நிக்கப் போறேன். வாக்கு குடுத்த எடத்துலயே பாட்டில வெச்சி, மொட்ட முள்ளு ஒண்ணுக்கிட்ட ஒரு கம்பளிப்பூச்சியும் ஒரு எலயும் வெப்பேன், எதத் தின்னுதுன்னு அப்பாசாமியே பாக்கட்டும். அது பசி இல்லாம சும்மா குந்திகினா இன்னா பண்றது? அதுக்காவ நாளையிலேர்ந்து அதுக்குத் தீனி வெக்க மாட்டேன். பாவந்தான்.

நீட்டம் ஒண்ணு, மொட்ட ஒண்ணு, தனித்தனி தீப்பெட்டியில வெச்சி இதோட அனுப்பறேன். ஒண்ணா வெச்சா ஒண்ணுதான் வந்து சேரும். வேளைக்கி சாப்புடு, தயிர் சேத்துக்கோ, தலைக்கி எண்ண வெக்க மறக்காத. அண்ணாமலையாரு உன்னக் கண்ணு மாதிரி காப்பாத்தணும். உங்க பெரிய சாருக்கிட்ட பயப்படாம சொல்லு, ரெண்டும் ஒரே வயித்துல பொறந்தது, எங்கம்மா பாத்தாங்கன்னு. ரெண்டுக்கும் ஒரே பேரா வெய்யி கண்ணு.

இப்படிக்கு, பயத்தோட உக்காந்து எழுதின
உன் அம்மா
ச. ஜோதியம்மாள்