பின்வரிசைக்கு வராத தாள்

செவ்வாய்க்கிழமை.

எங்கள் பயிற்சி மையம் தமிழ்வழியில் படித்தவர்களை ஏமாற்றுகிறது.

இன்று வங்கித் தேர்வுக்கான ஆங்கில வகுப்பு. தெரிந்த சொற்களுக்குத் தெரியாத அர்த்தங்களைப் போட்டு சார் ஒரு தாள் கொடுத்தார். ‘டேபிள்’ என்றால் மேசை மட்டுமில்லை, தீர்மானத்தை முன்வைப்பதாம். ‘ஏர்’ என்றால் காற்று மட்டுமில்லை, மனக்குறையை வெளியே சொல்வதாம். ஆங்கிலவழியில் படித்த எங்கள் முன்வரிசையோடு தாள் நின்றுவிட்டது.

தமிழ்வழிக்காரர்கள் உட்காரும் பின்வரிசையிலிருந்து முத்துமாரி அக்கா எழுந்தார். ஆனையூரிலிருந்து வருகிறவர். வயது வரம்பின்படி அவருக்கு இதுதான் கடைசித் தேர்வு. ஒரு சொல்லுக்கு ஒரே அர்த்தம் என்று நோட்டு முழுக்க மனப்பாடம் செய்திருக்கிறார்.

“சார், எனக்கும் ஒன்னு குடுங்க.”

“உனக்கெதுக்கும்மா இம்புட்டு இங்கிலீஷு? கணக்கப் போட்டுத் தப்பிச்சுக்க. இதத் தொட்டா மைனஸ் மார்க்குதான்.”

முன்வரிசை சிரித்தது. நானும் சிரித்தேன்.

வகுப்பு முடிந்ததும் என் தாளை ஜெராக்ஸ் எடுத்து அக்காவிடம் நீட்டினேன். வாங்கிக்கொண்டு, பின்வரிசை ஆட்களைக் காட்டினார்.

“அவுகளுக்கு யாரு தம்பி சொல்லிக் குடுப்பா?”

வீட்டுக்கு வந்து மையத்தின் வாட்ஸ்அப் குழுவில் எழுதினேன்: ‘சார், நாளைக்குப் பின்வரிசைக்கும் அந்தத் தாளைக் கொடுத்துப் பாடம் நடத்துங்கள்.’

சார் பார்த்துவிட்டார். முன்வரிசை மொத்தமும் பார்த்துவிட்டது. யாரும் பதில் போடவில்லை.